உடைக்காத தேங்காய்

செய்தி நம் துப்பாக்கி சுடும் கிளப்பின் வாட்சாப் குழுவில்தான் வந்தது. "தேங்கா அண்ணே தவறிட்டாரு. காம்பார் வீட்டுலருந்து நாளைக்கு எடுக்குறாங்க." அவ்வளவுதான். அவர் பெயர் மாணிக்கம். அதை எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. செய்தியைப் படித்த எனக்கும் உறைக்கவில்லை. கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அடுப்பில் இருந்த பாலைப் பார்க்கப் போனேன்.

ஈப்போ கிளப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். மாணிக்கம் அண்ணன் காம்பாரில் வயர்மேன். ஞாயிற்றுக்கிழமையானால் எங்களோடு கைத்துப்பாக்கி சுட வந்துவிடுவார். நான் தப்பாகச் சுட்டுவிட்டு முனகினால், "போன குண்டு போச்சி தங்கச்சி, அடுத்தத பாரு" என்பார். தன் துப்பாக்கிக்கு அவர் போட்டது தேங்காயெண்ணெய். "எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால்வெட்டுக் கத்திக்கே இதத்தான் தடவுவாங்க. மத்த ஆயிலு நாறும்லா" என்பார். நம் மலேசிய வெயிலில் அது தண்ணீராய் ஓடும். ஒரு நாளும் அது அவர் காலை வாரியதில்லை.

கொரியாவுக்கு ஒரு நட்புப் போட்டிக்குப் போனபோதுதான் வந்தது வினை. திறந்தவெளிச் சுடுதளம், கடுங்குளிர். வாயைத் திறந்தால் புகை. விரல் மரத்துப்போய், விசையைத் தொட்டிருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. வெடுக்கென்று இழுத்து இழுத்து, என் குண்டெல்லாம் வட்டத்துக்குக் கீழேயே போய் விழுந்தது. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். "கைய கக்கத்துல வெச்சுக்கம்மா. சுடும்போது மட்டும் வெளிய எடு" என்றார். அப்படியே செய்தேன், குண்டுகள் மேலேறி வந்தன. அவருடைய துப்பாக்கிதான் இரண்டாவது குண்டோடு நின்றுபோனது.

திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாய் அப்பியிருந்தது. "அடக் கடவுளே, எண்ணெ ஒறஞ்சி போச்சிலா!" என்றார். நடுவர் அதைத் தொட்டு மோந்து பார்த்தார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவரும் சிரித்தார். திரும்பி விமானம் ஏறுவதற்குள் அவர் தேங்காய் அண்ணன் ஆகிவிட்டார்.

துக்க வீட்டில் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "நம்ம தேங்கா அண்ணே இப்படிப் போயிட்டாரே அண்ணி" என்று உளறிவிட்டேன். சவம் கிடக்கிற வீட்டிலா அந்தப் பேச்சு! நாக்கைக் கடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த அவர் மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அது வந்து, கொரியாவுல என்ன ஆச்சின்னா..." என்று சமாளிக்கத் தொடங்கினேன்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு குறுக்கிட்டார். "தெரியும்மா, சொல்லியிருக்காரு. போட்டின்னா இவரு கையாலதான் தேங்கா ஒடைக்கணும்னு நீங்கள்லாம் ஒத்தக்கால்ல நிப்பீங்களாமே. இவரு ஒடச்சாத்தான் நல்ல சகுனமாம். அந்தப் பேருல அவருக்கு எம்புட்டுப் பெரும தெரியுமா?"

நம் கிளப்பில் ஒரு நாளும் யாரும் தேங்காய் உடைத்ததில்லை.

நம்மோடு சேர்ந்து சிரித்தவர், அந்தக் கேலியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வராமல், அதை ஒரு மரியாதையாக மாற்றிக் கொண்டுபோயிருக்கிறார். "ஆமா அண்ணி, அண்ணே ஒடச்சாத்தான்" என்றேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகளின் முகத்தை அதைவிட.

போன குண்டு போச்சி என்பீர்கள். இது போக மாட்டேன் என்கிறது அண்ணே. வெட்கமாக இருக்கிறது.

கிளப் நண்பர்களே, இது நமக்குள் இருக்கட்டும். அந்த வீட்டில் யாரும் கொரியா பேச்சை எடுக்காதீர்கள். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் சொன்ன அந்தப் பொய்யைத்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய சாமான்களை எடுத்துப்போக அண்ணியும் மகளும் கிளப்புக்கு வருகிறார்கள். ஆளுக்கொரு தேங்காயோடு வந்துவிடுங்கள். முதல் காயை அவர் மகள் உடைக்கட்டும்.