வெங்காயத் தோலும் ஐந்தாம் லயமும்

1. மூன்று மனு

இது நடந்தது 1957இல். 1956 என்று சிலர் சொல்வார்கள், அது சரியல்ல. எங்கள் ஸ்டோருக்குப் புது ரோலர் வந்ததும், உதவி மேனேஜரான சின்னத்தொரை தம் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்ததும் ஒரே தீபாவளி வாரம். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் அப்போது உதவி டீமேக்கர், தேயிலை பதமாக்கும் வேலையைக் கவனிப்பவன்.

கொழுந்து நசுக்கும் அந்த ரோலரைப் பார்த்துக்கொண்டவர் முத்தையா. மகனுக்குக் கல்யாணமாகி, ஐந்தாம் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், அவருடைய ஒரே அறையான காம்பராவுக்குள் இரண்டு குடும்பம். மருமகள் வந்த நாளிலிருந்து முத்தையாவுக்கு வாசலில்தான் படுக்கை. அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் உர மூட்டைகள் கிடந்தன. அதை மகனுக்குத் தரச் சொல்லித் தோட்ட மேனேஜரான பெரியதொரையிடம் மூன்று தடவை போய்விட்டார். மூன்று தடவையும் ஒரே பதில்: "உரம் நனையக் கூடாது."

2. வெங்காயம்

சின்னத்தொரை சீமையிலிருந்து புதிதாக வந்தவர். கொழுந்து ஏன் நசுங்க வேண்டும் என்று ஆட்களுக்குப் புரிந்துவிட்டால் ரோலர் வேலை தானாகச் சரியாகும் என்பது அவர் கொள்கை. தேயிலையின் தோல் மெல்லிதாக உரிந்து வரவில்லை. அதனால் பெரிய வெங்காயத்தின் உள்தோலை உரித்துக் கண்ணாடியில் வைத்து, டிஸ்பென்சரியில் வாங்கிய அயடினை ஒரு சொட்டு விட்டார். ஆட்கள் வரிசையாக வந்து மைக்ராஸ்கோப்புக் குழாயில் குனிந்து பார்த்தார்கள். முத்தையா குனிந்தவர் நிமிரவில்லை.

"ஐயா, இது நம்ம லயமில்ல?"

அப்படித்தான் இருந்தது. நீள நீளமான அறைகள், சுவரோடு சுவர் ஒட்டி, வரிசை வரிசையாக. சின்னத்தொரை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நானும் அந்த லய உவமையிலேயே தமிழாக்கினேன். இந்த அறைக்குப் பெயர் செல். உயிருள்ள எல்லாம் செல்லால் ஆனவை: வெங்காயம், தேயிலை, நாம், பெரியதொரை உட்பட. செடிகளின் செல்லுக்கு வெளியே கெட்டிச் சுவர் உண்டு. அதற்கு உள்ளே மெல்லிய சவ்வு, வாசலில் தொங்கும் சாக்குப் படுதா மாதிரி. ஆனால் ஆள் பார்த்து உள்ளே விடுகிற படுதா. உள்ளே கூழும் ஒரு பெரிய சாற்றுப் பையும். அயடின் பட்டு நிறமேறித் தெரியும் புள்ளி நியூக்ளியஸ், குடும்பத் தலைவர். பச்சை இலையில் இன்னும் பச்சை மணிகள் உண்டு, சமையல் அங்கேதான். ரோலர் இந்த அறைகளை உடைத்தால்தான் சாறு வெளியே வந்து காற்றுப் பட்டு, கொழுந்து செம்பு நிறமாகும்.

"அப்ப நாம தெனம் லயம் லயமா இடிச்சுத் தள்ளுறோம்னு சொல்லுங்க!" என்றான் டிரையர் பார்க்கும் சுப்பன். ஸ்டோரே சிரித்தது.

முத்தையா சிரிக்கவில்லை. "ஒரு ரூமுக்கு எத்தன தலைவருன்னு தொரைகிட்ட கேளுங்கையா."

"ஒருவர்தான்."

"ரெண்டாயிட்டா?"

இப்படியொரு கேள்வி வருமென்று சின்னத்தொரை நினைக்கவில்லை. மகிழ்ந்துபோய் விளக்கினார். முதலில் நியூக்ளியஸ் இரண்டாகும். பிறகு நடுவே புதுச் சுவர் எழும்பும். ஒரு செல் இரண்டு செல்லாகிவிடும். எந்தச் செல்லும் இன்னொரு செல்லிலிருந்துதான் வரும், வானத்திலிருந்து விழாது.

"சுவரு எழுப்ப யார்கிட்டயும் கேக்க வேணாமுங்களா?"

"யாரிடமும் கேட்காது. அது இயற்கை."

"நல்லதுங்க" என்றார் முத்தையா.

3. பலகை

அடுத்த வாரம் பெரியதொரை லயம் பார்க்க வந்தார். சின்னத்தொரையும் நானும் பின்னால். முத்தையாவின் காம்பராவுக்கு நடுவே தேயிலைப் பெட்டிப் பலகையால் ஒரு சுவர் நின்றது. தோட்டத்தின் பெயர் அதில் தலைகீழாக இருந்தது.

"யாரு ஓர்டர் குடுத்தது?" பெரியதொரை தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும்.

"சின்னத்தொரைதாங்க."

சின்னத்தொரை என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

"எங்க ரூமில தலைவரு ரெண்டாயிட்டாருங்க. ரெண்டானா சுவரு எழும்பணும்னு தொரை கண்ணாடியில காட்டினாங்க. யார்கிட்டயும் கேக்க வேணாமுன்னாங்க. இந்த ஐயாதான் தமிழ்ல சொன்னாரு."

"பலகைய புடுங்கு!"

முத்தையாவின் மகன் பலகையில் கை வைத்துவிட்டான். மருமகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போது சின்னத்தொரை தொண்டையைக் கனைத்து ஆங்கிலத்தில் சொன்னார்: "விஞ்ஞானப்படி அவர் சொன்னதில் பிழையில்லை, சார். நான் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பிரிந்த செல் வளர இடம் வேண்டும்."

யாரும் கேட்காமலே அதைத் தமிழாக்கினேன்.

முத்தையா கடைசிக் காம்பராவைக் கைகாட்டினார். "எடம் அங்க இருக்குங்க. உரம் ரெண்டாப் பிரியாதுங்க தொரை. வச்ச மூட்டை வச்சபடியேதான் கெடக்கு."

பெரியதொரை திரும்பி மூட்டைகளைப் பார்த்தார். மீசைக்கடியில் சிரிப்பு அசைந்தது.

"உரம் பங்களா குதிரைக் கொட்டிலுக்குப் போகட்டும். மகன் அங்க. பலகை ஸ்டோருக்கு." பிறகு சின்னத்தொரையிடம், தமிழிலேயே: "அந்தக் குழாய் இனிமே பொட்டியவிட்டு வெளிய வரப்படாது."

பிற்காலத்தில் பாடப் புத்தகங்களில் செல்லுக்குக் கலம் என்ற அழகான சொல் வந்தது. ஆனால் தொழில் சொல்லிக்கொடுக்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது வேறு. உவமை சொல்லுங்கள், நன்றாகப் பதியும். கேட்பவர் குடியிருக்கும் வீட்டையே உவமையாக்கினால், அவர் ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்ப்பார். அதற்கும் தயாராக இருங்கள்.

மறு தீபாவளிக்கு முத்தையா கற்கண்டோடு ஸ்டோருக்கு வந்தார்.

"பேரப்புள்ள பொறந்திருக்குங்கையா. ரெட்டை."

வாழ்த்தினேன். கற்கண்டை வாயில் போட்டேன். அவர் நகரவில்லை. அவர் கண் தேயிலைப் பெட்டி அடிக்கும் பக்கம் போயிற்று.

"ஐயா, பலகை ஏதும் மிச்சம் கெடக்குங்களா?"