வண்டிப்பாதையின் நடுமேடு

போன ஞாயிற்றுக்கிழமை என்னை அந்தக் குட்டிக்கார் ஓட்டும் இடத்துக்குக் கூட்டிப்போனீர்களே பிள்ளைகளா, பெட்ரோலும் சூடான ரப்பரும் கலந்த வாசனை வந்ததும் நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று சொன்னேன். வெயில் காரணமில்லை. சின்னவள் வேறு கேட்டாள்: "அப்பா, இது கோ-கார்ட்டு. அந்தப் படத்துல மணல்ல ஓடுதே, அது பக்கி வண்டியாம். ரெண்டும் ஒண்ணுதானே?"

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனாலும் இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில், பரவையில், திண்டுக்கல் ரோட்டோரம் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தேன். உங்கள் அம்மாவை அப்போது எனக்குத் தெரியாது. மீசை மட்டும் இருந்தது. லேத்தில் நின்றவன் செல்வம். என்னைவிட ஆறு மாதம் மூத்தவன் என்பதால் உலகமே தெரிந்தவன்போலப் பேசுவான். வெல்டிங் காஸுக்காக நனைக்கும் கார்பைடு கல்லின் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்தப் பட்டறை வாசல் ஞாபகம் வரும். வாசல் வந்தால் வீரணன் அண்ணனும் வந்துவிடுவார்.

அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயி. சின்ன வயதில் போலியோ வந்து கால் இரண்டும் சூம்பிப்போனவர். கையை ஊன்றித்தான் நகர்வார். பஸ்ஸில்கூடத் தானே ஏறுவார், யாராவது தூக்க வந்தால், "நான் என்ன மூட்டையா?" என்பார்.

அவர் ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். முறை உள்ளவன் தானே வந்து மடையில் நிற்க வேண்டும். ஆளனுப்பினால் செல்லாது. வெட்டுக்குத்து வராமலிருக்க ஊர் போட்ட கட்டு அது. அதுவரை அவருடைய அப்பா நின்றார். அந்த வருஷம் அப்பா இல்லை. மழையும் இல்லை. நெல் பால்பிடிக்கும் நேரம்.

"மடைக்கு நானாப் போகணும் தம்பி. என் கால்ல போற மாதிரி ஒரு வண்டி செஞ்சு குடு" என்றார்.

பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று தரையோடு ஒட்டிய வண்டி. இன்னொன்று மணல்மேட்டில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் வண்டி. கீழே எழுதியிருந்ததைப் படிக்க எங்களுக்கு ஆகவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள. அது கொஞ்சம் உசரம், அம்புட்டுத்தான்" என்றான் செல்வம்.

தாழ்ந்ததையே எடுத்தேன். தரையிலிருந்து அவர் கையை ஊன்றித் தானே ஏறிக்கொள்ளலாமே. பழைய ஸ்கூட்டர் என்ஜின், ஸ்கூட்டர் சக்கரம், கையாலேயே பிரேக். இதில் என் மூளை வேறு. வண்டிப்பாதையில் மாட்டுவண்டிச் சக்கரம் அறுத்த பள்ளம் இரண்டு இருக்குமல்லவா, அதில் தண்டவாளத்தில் ரயில் போவதுபோலப் போகட்டும் என்று, பட்டறை வாசலில் நின்ற மாட்டுவண்டியின் அகலத்தைக் கயிறு வைத்து அளந்து அப்படியே வைத்தேன். பாதையைப் போய்ப் பார்க்கவில்லை. தார்ரோட்டில் அவர் மார்க்கெட் வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து சிரித்த சிரிப்பில் எனக்குத் தலை கனத்துவிட்டது.

முறைநாள் காலை. நானும் செல்வமும் பின்னால் நடந்தோம். ஊர் ரோட்டைவிட்டு வண்டிப்பாதையில் இறங்கியதும் சக்கரங்கள் அளவெடுத்ததுபோலப் பள்ளத்தில் விழுந்தன. பத்தடி போயிருக்கும். இரண்டு பள்ளத்துக்கும் நடுவே மேடு இருக்கும் அல்லவா, வண்டியின் வயிறு அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது.

தள்ளினோம். தூக்கினோம். நகர்த்தினால் அடுத்த அடியில் மறுபடி உட்கார்ந்தது. காய்ந்த களிமண், கடப்பாரையே இறங்காது. அண்ணன் கீழே இறங்கிக் கையால் மண்ணைப் பறித்தார். நகக்கண்ணில் ரத்தம்.

மடை கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். அடுத்த முறைக்காரர் சோணை அங்கிருந்து குரல் கொடுத்தார்: "வீரணா! வாரியா, நான் தொறக்கவா?"

"இந்தா வாரேண்ணே!"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "டேய், தண்ணி வீணாக் கடைமடைக்கு ஓடுதுடா!"

"வாரேண்ணே... வந்துட்டேண்ணே!"

பறித்துக்கொண்டே கத்தினார். சோணை கெட்டவர் இல்லை, பிள்ளைகளா. அவர் பயிரும் காய்ந்துதான் கிடந்தது.

நான் குனிந்து, "அண்ணே, முதுகுல ஏறுங்க" என்றேன். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது சோணையின் மடைப்பலகை தூக்கியாகிவிட்டது. தூக்கிய பலகையை முறை முடியாமல் இறக்கக் கூடாது. அதுவும் ஊர்க் கட்டுதான். சோணை தலைகுனிந்து நின்றார். அண்ணன் வாய்க்கால் ஓரத்தில் இறக்கிவிடச் சொல்லி, அடுத்தவர் வயலுக்குப் போகிற தண்ணீரில் கையைக் கழுவினார். அவ்வளவுதான். அடுத்த முறை வருவதற்குள் கதிரெல்லாம் பதராகிவிட்டது.

நானும் செல்வமும் மறுபடி உட்கார்ந்து வேறொரு வண்டி செய்தோம். ஜீப் டயர், சக்கரத்துக்குச் சக்கரம் ஸ்பிரிங், முழங்கால் உயரத்தில் வயிறு, கவிழ்ந்தாலும் தலை தப்ப மேலே குழாய்க் கூண்டு, தானே ஏற ஒரு படிப்பலகை. சின்னவளே, இதுதான் பக்கி. ஸ்பிரிங்கே இல்லாமல், வழவழப்பான தரையை மட்டும் நம்பித் தாழ்ந்து ஓடுவது கோ-கார்ட். அந்தப் பேர்களெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. வித்தியாசம் மட்டும் தெரிந்துவிட்டது.

அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். நிலத்தை அதற்குள் தன் சித்தப்பாவுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். வண்டியின் டயரைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாருக்கு தம்பி. எங்க போக?"

ஏறிக்கூடப் பார்க்கவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கால் தன்னால் அங்கே போயிற்று. வண்டிப்பாதை சிமெண்ட் ரோடாகிவிட்டது. இரண்டு பக்கமும் பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். நடுமேடு இருந்த இடத்தில் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மட்டமாக இருந்தது. நாங்கள் முதலில் செய்த அந்தத் தாழ்ந்த வண்டி இன்றைக்கு வயிறு தட்டாமல் கடைசிவரை போகும். கடைசியில் மடை இல்லை. வாய்க்கால் இல்லை. "வாரியா" என்று கேட்க சோணை இல்லை. "வாரேண்ணே" என்று சொல்ல அவரும் இல்லை.