ரெண்டு கம்பைலர், ஒரு அரியர்

சி ப்ரோக்ராமிங் சொல்லித் தர்றவனுக்கு ரெண்டு தொண்டை வேணும்ங்க. ஒண்ணு பசங்களத் திட்ட, இன்னொண்ணு, நாம எழுதுனத மிஷினுக்குப் புரிய வைக்கிற கம்பைலர் மாதிரிப் பேசிக் காட்ட. மஞ்சக்குப்பத்துல கம்ப்யூட்டர் சென்டர் நடத்துனப்ப எனக்கு ரெண்டும் ஜோரா வேல செஞ்சுது. "என் மிஷின்ல ஓடுச்சே சார்"னு முழிச்சு நின்னவங்க எல்லாம் வாங்க, நம்ம ஜாதிதான்.

தொடச்சுட்டு ஆரம்பி

2007-ல முதுநகர் ரேவதி வந்தா. சிதம்பரத்துல இன்ஜினியரிங் முடிச்சாச்சு, சென்னைல வேலையும் கெடச்சாச்சு. சி லேப் அரியர் ஒண்ணுதான் பாக்கி. அது போனா வேலையும் போச்சு.

நம்ம சென்டர்ல பழைய நீலத்திரை கம்பைலர். அதுல எல்லா ப்ரோக்ராமும் clrscr போட்டு, வாசல் தெளிக்கிற மாதிரி ஸ்கிரீனத் தொடச்சுட்டுத்தான் ஆரம்பிக்கும். அவ காலேஜ்லயோ லினக்ஸ்ங்கிற வேற சிஸ்டத்துக்கு, அதோட கம்பைலருக்கு மாறிட்டாங்க. மாடல் எக்ஸாம் போயிட்டு வந்து நின்னா: "சார், நீங்க சொல்லிக் குடுத்த clrscr யாருன்னே அதுக்குத் தெரியலயாம்!"

மிச்சம் கெடந்த என்டர்

உடனே ஒரு மிஷின்ல லினக்ஸ் போட்டேன். என் பொண்டாட்டியோட தம்பி பாஸ்கர், சென்டர்ல பார்ட்னரு, பக்கத்துல நின்னு வேடிக்க பாக்குறான். ரேவதி எழுதுன ப்ரோக்ராம் ஒரு நம்பர் கேட்டுச்சு, குடுத்தா. "இன்னொரு தடவயா?"ன்னு கேட்டுச்சு, அவ வாயத் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சே போச்சு! நம்பரோட தட்டுன என்டர் உள்ளயே கெடந்துருக்கு, அதையே பதில்னு எடுத்துக்குச்சு. பழசுல fflush போட்டா மிச்சத்தக் கொட்டிரும். லினக்ஸ் கண்டுக்கவே இல்ல.

ரெண்டு பேரு குரல்லயும் பேசிக் காட்டுனேன். பழசு, கல்யாண வீட்டு சித்தப்பா: "அட உடும்மா, நான் பாத்துக்குறேன்." லினக்ஸ், பேங்க் கவுன்ட்டரு: "ரூல்ல இல்ல. அடுத்த ஆளு." ரேவதி சிரிச்சா. fflush-ஐத் தூக்கிட்டு, பதில வாங்குற scanf வரில %c-க்கு முன்னாடி ஒரே ஒரு ஸ்பேஸ் உடச் சொன்னேன்; மிச்ச என்டர அது முழுங்கிரும். ரெண்டுலயும் ஓடுச்சு. பாஸ்கர் ஸ்கிரீன உத்து உத்துப் பாத்தான்: "என்னா மாமா, ஒண்ணுமில்லாததப் போட்டு சரி பண்ணிட்டீங்க!"

எக்ஸாம் அன்னைக்கி

அதுலேர்ந்து ஒரே சட்டம். எது எழுதுனாலும் ரெண்டு மிஷின்லயும் ஓடணும். "எக்ஸாம் லினக்ஸ்லதான சார், பழசு எதுக்கு?"ன்னு மொனகுனா. நான் உடல. ஒண்ணுலேர்ந்து வரிசையாப் பெருக்கிக்கிட்டே போற பேக்டோரியல்ல எட்டுக்கே பழசு மைனஸ் காட்டுச்சு; நம்பர வைக்கிற அதோட int சின்ன டப்பா, வழிஞ்சுடுது. அத பெரிய டப்பா long-ஆ மாத்தி, விடையக் காட்டுற printf-ல %ld போட வச்சேன்.

எக்ஸாமுக்கு நானும் சிதம்பரம் போயி, கேட்டுக்கு வெளில டீக்கடைல நின்னேன். உள்ள லினக்ஸ் சர்வர் படுத்துருச்சாம். எல்லாரையும் பக்கத்து லேபுக்கு ஓட்டிட்டாங்க, அங்க நீலத்திரை! வந்த கேள்வி பேக்டோரியல். சுத்தி உக்காந்திருந்தவன் ஸ்கிரீன்லல்லாம் மைனஸா கொட்டுதாம். ரேவதியோடது மட்டும் பன்னெண்டு வரைக்கும் சுத்தமா வந்துச்சாம்.

பாஸாயிட்டா, சென்னைல வேலைக்கும் சேந்துட்டா. லேபு மாத்துனப்ப பயமா இல்லியாம்மான்னு அப்பறம் கேட்டேன். "எந்த லேபா இருந்தா என்னா சார்? உக்காந்த எடத்துல ஓடும் நம்ம ப்ரோக்ராமு!"

சி-ய யாரு வேணா சொல்லித் தரலாங்க, ஒத்துவராத ரெண்டு கம்பைலரோட குடும்பம் நடத்தச் சொல்லித் தந்தவன் இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான்னு நானே சொல்லிக்கிறேன்.