பிரிட்ஜ் ஆஃப் டானுக்காக வாங்கிய டி.சி.

ஸ்காட்லாந்தில் அபர்தீன் என்றொரு நகரம். அதற்கு வடக்கே ஆற்றைத் தாண்டினால் பிரிட்ஜ் ஆஃப் டான். அங்கே என்னென்ன இருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் ஒப்பிப்பேன். போனதில்லை, அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் அபுதாபியில் இருந்தோம். ஒரு வில்லாவைத் தடுத்து ஐந்து குடும்பங்களுக்கு விட்டிருந்தார்கள்; எங்களுக்கு ஓர் அறை. அப்பா முசஃபா தொழிற்பேட்டையில் எண்ணெய்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். அவருடைய மேனேஜர் பிரிட்ஜ் ஆஃப் டான்காரர். உன்னை அபர்தீன் ஆபீசுக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்து, தன் பேட்டையைப் பற்றிய கையேட்டையும் கொடுத்துவிட்டார். டூட்டி முடிந்து வந்ததும் அப்பா அதை எனக்குப் பாடம் எடுப்பார். நூலகம், நீச்சல் குளம், தபால் ஆபீஸ், பூங்கா, பள்ளிக்கூடம். எட்டு வயதில் எனக்கு வேறு பாடம் எதுவும் இவ்வளவு நன்றாக ஏறவில்லை.

“எல்லாம் நடந்து போற தூரந்தாட்டி” என்பார்.

“நடக்கதுக்கு உடம்புல தெம்பு வேணும்லா” என்பாள் அம்மா. பொதுச் சமையலறையில் தன் முறைக்குக் காத்துக் காத்தே அவளுக்குக் கால் வீங்கியிருந்தது.

விசா கைக்கு வருமுன்பே அப்பா பள்ளியில் என் டி.சி.யை வாங்கிவிட்டார். அந்த ஊரில் இந்தியப் பள்ளியில் ஓர் இடத்துக்காகப் பெற்றவர்கள் தவம் கிடப்பார்கள். என் இடம் ஒரே வாரத்தில் போயிற்று. மேனேஜர் லீவில் போனார், போனவர் வரவேயில்லை. புதிதாக வந்தவருக்கு இந்த அபர்தீன் பேச்சே தெரியாது. அப்பா பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே பதில், மாஃபி, இடமில்லை. நான் மூன்று மாதம் ஏசி முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன்.

ஜூலையில் ஊருக்குப் போவதாகச் சொன்னார்கள். ஊர் வழியாக ஸ்காட்லாந்து போகிறோம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். லீவுக்குப் போனால் பெட்டி நிறையப் பால்பவுடரும் சோப்பும் சாக்லேட்டும்தான் இருக்கும். இந்தமுறை அம்மா அடிப்பிடித்த குக்கரையும் மிக்ஸியையும் என் பழைய யூனிஃபார்மையும் அடுக்கினாள். எனக்கு மானமே போயிற்று.

“பழைய குக்கரத் தூக்கிட்டு யாராது ஊருக்குப் போவாவளா? சித்தி பிள்ளையளுக்கு மிட்டாய் எங்கம்மா?” என்று குதித்தேன்.

“போதும்ட்டி, சும்ம இரி” என்றாள். அதட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

விமான நிலையத்தில் தள்ளுவண்டியில் இரண்டு பெட்டிகள், ஒன்று அம்மாவுடையது, ஒன்று என்னுடையது. அப்பா என் சட்டைக் காலரைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, பின்னாலேயே வந்துவிடுவார் என்று நினைத்தேன். கதவுக்குள் போகிற சமயம் திரும்பி, நாலுபேர் பார்க்கக் கத்தினேன்.

“சீக்கிரம் வாங்கப்பா, அங்க ஸ்கூல் தொறந்துரும்!”

அப்பா சரி சரி என்று பலமாகத் தலையாட்டினார். அவர் ஊருக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று, அதுவும் ஒரு மாத லீவில்.