பெட் நம்பருக்கு ஊசி

ஊசி போடுறது பெரிய வித்தை இல்லீங்க, யாருக்குப் போடுறோம்னு தெரிஞ்சி போடுறதுதான் எங்க தொழில். வார்டுல நின்னு நின்னு கால் வீங்கின சிஸ்டருங்க எல்லாருக்கும் இது தெரியும். ஆனா கூட வேலை செய்யறவங்ககிட்ட சொல்ல மட்டும் வாய் வராது.

கை சுத்தம்

கும்மிடிப்பூண்டி கம்பெனிங்களுக்கு நடுவுல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில பத்து வருஷமா நர்ஸா இருக்கேன். கல்பனா அக்கா எனக்கு சீனியர். நரம்பே தெரியாத கையிலகூட ஒரே குத்துல ஊசியை ஏத்திடுவாங்க. ஆனா பேஷண்ட் பேரை மட்டும் கேக்கவே மாட்டாங்க, பெட் நம்பரைப் பார்த்து போட்டுக்கினே போவாங்க. ஒருதரம் பயந்து பயந்து சொல்லிப் பார்த்தேன். "ஒவ்வொருத்தன் பேரையும் கேட்டுக்கினு நின்னா வார்டு எப்படி முடியும்?"ன்னாங்க. நானும் வாயை மூடிக்கினேன்.

ஃபேன் காத்து

ஆம்பளைங்க வார்டுல நாலாம் பெட்டுக்கு மேல மட்டும்தான் ஃபேன் ஒழுங்கா சுத்தும். இரும்பு உலையாண்ட வெந்து வர்றவங்களுக்கு காத்துன்னா உயிர். சாப்பிட்டதும் தங்களுக்குள்ள பேசிக்கினு பெட்டை மாத்திப்பாங்க.

அன்னிக்கு மத்தியானம் நாலாம் பெட்டுக்கு பென்சிலின் ஊசி. அக்கா சிரிஞ்சோட குனிஞ்சாங்க. மூணு மாசம் முன்னாடி நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த மெர்சி, அக்கா பேரு கேக்கலன்னு பார்த்து ஓடி வந்து படுத்திருந்தவர் கையைப் பொத்திக்கினா. "நகருடி"ன்னு அக்கா கத்தினாங்க. அவ நகரல. "நைனா, உங்க பேரு இன்னா?"ன்னு கேட்டா.

"முனுசாமிம்மா. ஆறாம் பெட்டு. காத்துக்கோசரம் இங்க படுத்துக்கினு கீறேன்."

முனுசாமிக்கு பென்சிலின் ஆகாதுன்னு ஃபைல்ல சிவப்பு மையில எழுதியிருக்கு. அந்த ஊசி இறங்கியிருந்தா அந்த மனுஷன் உயிரோட வீட்டுக்குப் போயிருக்க மாட்டாரு.

ரிப்போர்ட்டு

மெர்சி அதோட விடல, நடந்ததை அப்படியே எழுதினா. மேலிடத்துக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அக்கா எதிர்லயே உக்காந்து படிச்சுக் காட்டினா. அதுல என் பேரும் இருந்துச்சு, தெரிஞ்சும் சும்மா இருந்தவங்கன்னு. கோவம் வரலீங்க, அந்தப் பொண்ணைப் பார்த்து அசந்து போய்ட்டேன்.

அக்கா கிழிச்சுப் போடுவாங்கன்னு நெனைச்சேன். கையெழுத்து போட்டாங்க. "இத்தினி வருஷத்துல இன்னும் எத்தினி பேருக்கு மாத்திப் போட்டேனோ, தெரியலையேடி."

இப்போ ஒவ்வொருத்தர் பேரையும் கேட்டுத்தான் ஊசி போடுறோம், ரவுண்டு அரைமணி நேரம் லேட்டாதான் முடியுது. பத்து வருஷமா நான் வாயை மூடிக்கினு இருந்ததுக்கு இந்த அரைமணி ஒண்ணும் ஜாஸ்தி இல்ல.