நெஞ்சுக்குள் இருந்த ஜாகாக்கள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனது. எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இதை என் கையாலேயே எழுதுகிறேன். விரல் வலிக்கிறது, அதனால் மெதுவாக.

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டை விட்டு வந்தபின் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலைக்கு ஜாகா. காவல்காரரை இங்கே எல்லாரும் மலாயில் அப்படித்தான் சொல்வோம். இரவு ஷிப்ட்டில் ஒருநாளும் கண் அசந்ததில்லை என்பது அவருக்குப் பெருமை, எனக்கும்தான். வேலை ஓய்ந்தபின் வீட்டுக்குப் பின்னால் புறா வளர்த்தார். பிறகு வறட்டு இருமல் வந்தது. அப்புறம் படுத்தாலே மூச்சு முட்டியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடியவைப்பார். எதிரில் நானும்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் நம் தமிழ்ப் பெண், சின்ன வயசு. என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர் வழியிலேயே விளக்கினாள். நுரையீரலுக்குள்ளும் ஜாகா மாதிரி அணுக்கள் உண்டாம். கிருமி வந்தால் அடித்து விரட்டுவது அவற்றின் வேலையாம். இவருக்கோ அவை புறாத் தூசியைத் திருடன் என்று நினைத்து அடித்து அடித்து, வீட்டுச் சுவரையே உடைக்கின்றன. உடைந்த இடமெல்லாம் தழும்பாக இறுகிவிட்டது. தழும்பு மறையாது, மேற்கொண்டு உடையாமல் பார்க்கலாம் என்றாள். "அந்த ஜாகாவத் தூங்க வைக்க மாத்திரை தரேன் அங்கிள்."

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் கெட்டது. புறாக்களை மறுநாளே ரெம்பியா ஊரில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். மாத்திரையைத் தொடவில்லை. "ஜாகாவத் தூங்க வைக்கவா நான் டாக்டர்கிட்ட போனேன்? வேற ஆளப் பாரு லா" என்றார். பிள்ளைகள் கெஞ்சினார்கள். அவர் உதடு நீலம் பாய்ந்துகொண்டே வந்தது. நான் கெஞ்சவில்லை; யோசித்தேன்.

ஒரு காலையில் காப்பியோடு மாத்திரையையும் வைத்தேன்.

"தூங்க வைக்கல. ஒரே ஆளுங்க ரொம்ப நாளா டபுள் ஷிப்ட்டு பாத்து, புத்தி பேதலிச்சுப் போச்சு. வீட்டுக்கு அனுப்பி ரெஸ்ட்டு குடுக்குறாங்க."

"யாரு சொன்னா?"

"நாந்தான்."

அவர் மாத்திரையை விரலால் உருட்டிப் பார்த்தார். ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் எவனாவது உள்ளே நுழைவான் என்றார். டாக்டரும் அதையே சொல்லியிருந்தாள், சின்னக் காய்ச்சலும் பெரிதாகிவிடலாம் என்று. மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப சரி. தெரிஞ்சே கேட்டத் தொறப்போம்" என்று விழுங்கினார்.

மெல்ல மெல்ல இளைப்பு தணிந்தது. ஒரு வருஷம் போலக் கட்டிலில் படுத்துத் தூங்கினார். குறட்டைகூட விட்டார். பிறகு ஒரு சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, அதிலேயே போய்விட்டார். மாத்திரை இல்லாவிட்டால் அதற்கு முன்பே போயிருப்பார் என்றாள் டாக்டர். இருக்கும். அதை அலசிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. நான் சொல்லி அவர் விழுங்கினார், படுத்துத் தூங்கினார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இங்க வா ஆயி, பாட்டி எழுதுனத ஒருதரம் வாசி. பிழை இருந்தா திருத்திக்க. ஜாகாவ மட்டும் காவலாளின்னு மாத்திறாத. ஜாகான்னே படி.