பட்டினச்சேரியில் ஒரு பாவப் பிரசங்கம்

பட்டினச்சேரிக் கடற்கரை. கடல் அரித்துப்போன வீடொன்றின் மிச்சத் தரையில் ஏறி நின்று, காரில் வந்த ஆன்மிகப் பேச்சாளர் மைக்கில் முழங்குகிறார். மனிதன் பிறவியிலேயே பேராசைக்காரனாம். அதனால்தான் கடலன்னை கோபித்து இந்த வீட்டை எடுத்துக்கொண்டாளாம். கூட வந்தவர்கள் உருகித் தலையாட்டுகிறார்கள்.

வீட்டுக்காரி செல்வி பக்கத்தில் கருவாட்டைப் புரட்டிப் போடுகிறார்.

“அவர் சொல்றது சரிதானா?” என்று கேட்கிறேன்.

“தெக்கால அலையத் தடுக்கக் கடல்ல கல்லு கொட்டுனாங்க, அலை இங்க திரும்பி அரிச்சிட்டுது. கோவம்னா கல்லு கொட்டுனவன் வூட்டுக்குல்ல போயிருக்கணும்? எங்களுது ரெண்டே ரூமுங்க. இதுல என்ன பேராசை?”

கடலிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லிப் பேச்சாளர் கைகளை உயர்த்துகிறார். செல்வி எழுந்து நேராக அவரிடம் போகிறார்.

“ஐயா, செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க. அது எங்க சாமி ரூமு.”